நேர் விமானம் இல்லாத இரண்டு தீவுகள்

வெள்ளவத்தைச் சந்தையில் இன்று காலை கடைக்காரர் ஒரு மாசிக் கருவாட்டுத் துண்டை முறித்து என் மூக்கருகே நீட்டினார். "மாலைதீவு மாசி, டீச்சர். மணந்து பாருங்கோ." மணந்ததும் நீதான் நினைவுக்கு வந்தாய். ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்த நாங்கள் ஒன்றாகத்தான் மாலைதீவுக்கு வேலைக்குப் போனோம். ஒரே தீவு கிடைக்கும் என்று நம்பியிருந்தோம். எனக்கு வடக்கு முனையில் பள்ளிக்கூடம் கிடைத்தது. உனக்குத் தெற்குக் கடைசியில் ஆஸ்பத்திரி. இரண்டு தீவிலும் விமான நிலையம் இருந்தது. நேரே பறந்தால் இரண்டு மணித்தியாலம்கூட வராது என்று நீ கணினியில் பார்த்துச் சொன்னாய்.

"நேரே பறக்கிற பிளேன் எங்கையடி?" என்று கேட்டேன்.

அப்படி ஒன்று இல்லை. தலைநகர் மாலே போய், அங்கே காத்திருந்து, வேறு விமானம் பிடிக்க வேண்டும். லீவுக்கு வருகிறேன் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். இருவருக்கும் லீவு ஒன்றாக வந்ததேயில்லை.

ஒரு ஆனி மாதம் அம்மா கொழும்பில் காலமாகிவிட்டா. கடும் காற்றும் மழையும். என் தீவிலிருந்து விமானம் எழும்பவில்லை. அம்மாவின் கிரியைகளைப் போனில்தான் பார்த்தேன். அண்ணா காட்டிய படம் விட்டுவிட்டு வந்ததில் அம்மாவின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. உனக்கு அழைத்தபோது அழுகைதான் வந்தது. நீ உடனே போனை வைத்துவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் நனைந்த சப்பாத்தோடு என் வாசலில் நின்றாய். மாலே விமான நிலையக் கதிரையில் படுத்தெழும்பி வந்திருந்தாய்.

"நாளைக்குக் காலமைப் பிளேனில திரும்பவேணும்."

"ஒரு இரவுக்காகவா இவ்வளவு தூரம்?"

"தூரம் கிட்டத்தானடி. பாதைதான் நீளம்."

அன்றிரவு சோறு குழைத்துத் தந்தாய். நான் அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு, என் தலைமயிரைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாய்.

பிறகு இருவரும் ஊர் திரும்பினோம். நோய் உன்னைப் படுக்கையில் விழுத்தியபோது, நான் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டையில் பஸ் மாறித் தினமும் கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே, "மாலேயில இறங்கி மாறினனியோ?" என்று கேட்டுச் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ சிரித்து நான் கேட்கவில்லை.

போன மாதம், என்னோடு படிப்பிக்கும் ஒரு டீச்சரின் கணவர் மன்னாரில் இறந்துபோனார். எல்லாரும் போனில் துக்கம் விசாரித்தார்கள். நான் பஸ் ஏறினேன். அவள் பக்கத்தில் இருந்தேன். பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த நாள் வெள்ளவத்தைக்குத் திரும்பி வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே இருட்டாக இருந்தது. இப்படிப் புறப்பட்டுப் போக உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன். வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லத்தான் நீ இல்லை.