சிவப்புப் பட்டனில் பதினேழு க்ளிக்

நிலவின் தென்முனை நிலையம். இதைக் கண்டெடுப்பவருக்கு.

நாள் 212, 14:07
செய்தி வந்த நேரம் இது. மேட்டுக் கோபுரத்தில் ஆண்டெனா வேலையில் இருந்தேன். கீழே நிலையத்திலிருந்து பொன்ராஜ் அழைத்தான். எட்டு வருட நண்பன். இங்கே நிரல் எழுதுவது நாங்கள் இருவரும்தான்.
"மாப்ள, வேலைய விட்டுட்டு எறங்கி வா. செடி ரூம்ல காத்து கசிஞ்சிருச்சு. தங்கச்சி உள்ள இருந்துச்சு. போயிருச்சு மாப்ள."
ஜெசிந்தா என் மனைவி. கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.
கடைசித் திருகையும் முடுக்கிவிட்டுத்தான் இறங்கினேன். ஏன் என்று தெரியவில்லை.

நாள் 213, 09:30
பொன்ராஜ் விபத்து அறிக்கையை அனுப்பியிருக்கிறான். "உள்ளே இருந்தவர் அபாயப் பட்டனை அழுத்தவில்லை." என் கையெழுத்து வேண்டுமாம்.
போன மாதம் அவன் அவளைக் கேலி செய்த ஒலிப்பதிவு இருக்கிறது.
"என்ன தங்கச்சி, பட்டனுக்குப் பக்கத்துலயே தக்காளி நடுற?"
"நீங்க எழுதுன ப்ரோக்ராம்ணே. தள்ளி நிக்க பயமா இருக்கு."
அவளா அழுத்தவில்லை?

நாள் 214, 11:15
நிரலைத் திறந்தேன். செடி அறைச் சுவரில் ஒரு தொடுதிரை; அதில் ஒரு வலைப்பக்கம்; அதில் சிவப்புப் பட்டன். காற்றழுத்தம் குறைந்தால் இடைக்கதவு தானே பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து திறக்க அந்தப் பட்டன் மட்டுமே.
அழுத்தினால் சைரன் ஊத வேண்டும், கதவு திறக்க வேண்டும். அதை button.onclick என்று நான்தான் எழுதினேன். onclick-இல் ஒருவருக்குத்தான் இடம். பிறகு வேறு யாராவது அதிலேயே எழுதினால் முதலில் இருந்தது போய்விடும். பிழைச்செய்திகூட வராது. addEventListener என்றால் எத்தனை பேர் சேர்த்தாலும் எல்லாம் வரிசையாக ஓடும்.
நாள் 190-இல் பொன்ராஜ் அதே onclick-இல் எழுதியிருக்கிறான். பட்டன் எத்தனை முறை அழுத்தப்படுகிறது என்று எண்ணுவதற்கு.

11:40
எண்ணியிருக்கிறது.
13:48 முதல் 13:52 வரை. பதினேழு முறை. கடைசி இரண்டுக்கும் நடுவே ஐம்பது விநாடி.

15:20
பொன்ராஜிடம் கேட்டேன். பதில் அனுப்பினான்.
"போன வாரமே டெஸ்ட்ல பாத்தேன் மாப்ள, சைரன் வரல. ஞாயித்துக்கெழம மாத்திரலாம்னு விட்டுட்டேன்."
அந்த வாரம் மூன்று நாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். செடி அறைக்குள் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.
"நீயும் onclick-லதான எழுதுன? ரெண்டு பேர் பேரும்தான் நாறும். அந்தப் பதிவ அழிச்சிரு. அழிக்கலன்னா மட்டும் தங்கச்சி திரும்பி வந்துருமா?"

நாள் 215, 10:05
அவன் சொன்னதில் ஒன்று உண்மை. நான் addEventListener எழுதியிருந்தால் அவன் வரியும் ஓடியிருக்கும், என் வரியும் ஓடியிருக்கும்.
அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. வேறோர் அறிக்கையில் என் பிழையை முதலில் எழுதினேன். பிறகு அவன் மறைத்ததை. கீழே பதினேழு நேரங்களையும் விநாடியோடு. விசாரணைக் குழுவுக்கும் அவள் அப்பாவுக்கும் பூமிக்கு அனுப்பிவிட்டேன்.

10:12
"என்னடா பண்ணி வச்சிருக்க? எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குடா."

10:13
"மாப்ள, எடு."

10:14
கைபேசியை அணைத்துவிட்டேன்.