மூன்றாவது கியருக்குக் கொடுத்த வாக்கு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். வண்டி வந்துவிட்டது! இதை எழுதும்போதே ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளை வேன். வெள்ளை என்றால் நம் சலவைக் கடை வெள்ளை இல்லை, பல வருஷம் துவைத்த தலையணை உறையின் வெள்ளை. இருந்தாலும் நம்முடையது. போனில் சொல்லலாம் என்றால் உங்கள் வேலையிடத்தில் பாதி சிக்னல், பாதி காற்று. நான் வண்டி என்றால் நீங்கள் சண்டையா என்று பதறுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

வாங்கின கதையைக் கேளுங்கள். பழைய வண்டி விற்கிற தெருவில் கடைசிக் கடை. அந்த வியாபாரி கையில் எந்நேரமும் ஒரு கர்ச்சீப் இருக்கும். பேசிக்கொண்டே வண்டியைத் துடைப்பார், துடைத்துக்கொண்டே பேசுவார். அதனால் அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கர்ச்சீப்காரர். சட்டைக் காலர் வெளியே மொடமொடவென்று கஞ்சி, உள்பக்கம் அழுக்குக் கோடு. நம் தொழிலில் இருப்பவளுக்கு அது ஒன்று போதாதா? இந்த ஆளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று உள்ளே நுழைந்த உடனே முடிவு செய்துவிட்டேன்.

நானும் சும்மா போகவில்லை. உங்கள் தம்பியை எனக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டேன், யாரோ எவரோ மாதிரி. கட்டில் வாங்கினாலும் பீரோ வாங்கினாலும் உங்கள் வீட்டு ஆட்கள் இப்படி ஒருவரை ஒருவர் தெரியாதது போலக் கடைக்குள் போவீர்களே, கல்யாணமான புதிதில் எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. இப்போது நானே தேறிவிட்டேன். நான் விலை பேசுகிற வண்டியில் அவன் நொட்டை சொல்ல வேண்டும், விலை தானாக இறங்கும். இதுதான் திட்டம்.

உங்கள் தம்பிக்கு முடிவெட்டுவதைவிட நடிப்பு நன்றாக வருகிறது. கறுப்புக் கண்ணாடி வேறு. டயரை உதைத்தான். தரையில் படுத்து அடியில் பார்த்தான். எழுந்து, "கியர்பாக்ஸ் காலி. இத எனக்குச் சும்மா குடுத்தாலும் தொட மாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

கர்ச்சீப்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "தங்கச்சி, இந்த ஆளு பேச்சக் கேக்காதீங்க. மூணு மாசத்துக்குள்ள கியர்பாக்ஸ்ல சின்னதா ஒரு சத்தம் வந்தாலும் நேரா இங்க கொண்டாந்து விடுங்க, என் செலவுல சரி பண்ணித் தர்றேன். எழுதித் தரணுமா? என் வார்த்தைதான் எழுத்து" என்று மாரில் தட்டிச் சொன்னார். விலையும் இறங்கியது, வாக்கும் கிடைத்தது. உங்கள் தம்பி கேட்டைத் தாண்டும் வரை முகத்தை உர்ரென்றே வைத்திருந்தான், பாவம்.

பெரிய ஆஸ்பத்திரியிலும் பேசிவிட்டேன். விரிப்பு, போர்வை, டாக்டர் கோட்டு எல்லாம் அடுத்த மாதத்திலிருந்து நமக்குத்தான். சொந்த வண்டி இருந்தால் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்கள், இப்போது இருக்கிறது. ஆனால் வெளுக்கவும் வண்டி ஓட்டவும் என் ஒருத்தியால் எப்படி முடியும்? நீங்கள் பஸ் ஏறும்போது சொன்னீர்களே, நமக்கென்று ஒரு வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அங்கே இருக்க மாட்டேன் என்று. இந்த மாதக் கடைசியில் அங்கே உங்கள் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லிக் காகிதத்தை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மகள் ஹாரனை அடித்து அடித்து எதிர்வீட்டுக்காரரின் வசவை வாங்கிக்கொண்டிருக்கிறாள். போய் இறக்க வேண்டும்.

உங்களுக்காக முன் சீட்டைத் துடைத்து வைத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி

*

அன்புள்ளவருக்கு,

எனக்கு வருகிற ஆத்திரத்தில் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. மூன்றாவது கியர் நிற்க மாட்டேன் என்கிறது. போட்ட கையோடு கழன்று விழுகிறது. ஒரு கையால் கியரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, லாட்ஜ் துணி மூட்டைகளோடு மேம்பாலம் ஏறினேன். பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரனில் என் பரம்பரையே வந்து போனது.

நேராகக் கர்ச்சீப்காரரிடம் போனேன். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. "நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?" என்றார். பிறகு விற்பனைக் காகிதத்தைக் காட்டினார். வண்டி இருக்கிற நிலையிலேயே விற்கப்பட்டது என்று அதில் அச்சடித்திருக்கிறது. ஒரு மனுஷன் மாரில் தட்டிச் சொன்ன கையாலேயே வேறொரு வண்டியைத் துடைத்துக்கொண்டு, சொல்லவே இல்லை என்று எப்படி முகத்தைப் பார்த்துச் சொல்கிறான்?

சாட்சிக்கு உங்கள் தம்பி இருக்கிறான். ஆனால் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினால் நாம் ஆடிய நாடகம் சந்தி சிரித்துவிடும். என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டி ஓடாவிட்டால் ஆஸ்பத்திரி வேலை இல்லை, அது இல்லையென்றால் நீங்கள் வருவதும் இல்லை. வியாபாரிகள் சங்கத்தில் பிராது கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை விசாரிப்பார்களாம். அதுவரை கையெழுத்து மட்டும் போடாதீர்கள். சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கோபத்தோடு, ஆனால் உங்கள் மேல் இல்லை,
உங்கள் வீட்டுக்காரி

*

என் அன்புக்குரியவருக்கு,

ஜெயித்துவிட்டோம்! உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டு படித்தால் சிரித்து விழுந்துவிடுவீர்கள்.

சங்கத் தலைவர் டயர் கடை வைத்திருப்பவர். கடைக்குப் பின்னால் ஒரு அறை, சுற்றிலும் டயர் அடுக்கு, மூச்சு விட்டால் ரப்பர் வாடை. மற்ற வியாபாரிகளும் வேடிக்கை பார்க்க வந்து டயர்கள் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். கர்ச்சீப்காரர் சொல்லவே இல்லை என்று சாதித்தார். தலைவர் என்னைப் பார்த்து, அவர் சொன்னதை வேறு யாராவது காதால் கேட்டார்களா என்றார். நான் வாசல் பக்கம் பார்த்தேன். உங்கள் தம்பி வெளியே என் வேனில்தான் உட்கார்ந்திருந்தான்.

அப்போது கர்ச்சீப்காரர் தானாக வாயைக் கொடுத்தார். "அன்னைக்கு ஒருத்தன் வந்தான் தலைவரே, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. என் வண்டியக் கண்டபடி பேசினான். அவன் வந்து நான் அப்படிச் சொன்னேன்னு சொல்லட்டும், இப்பவே ஒத்துக்கறேன்!" என்றார். முன்பின் தெரியாத ஆளை நான் எங்கே போய்த் தேடப் போகிறேன் என்ற தைரியம் அவருக்கு. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

உங்கள் தம்பி விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்துவிட்டான். "அண்ணி, நீங்க சும்மா இருங்க. யாரோ மாதிரி உள்ள வர்றேன், சொல்றேன், போறேன். ஆள் காலி" என்றான். நானும் சரி என்றுதான் திரும்பினேன். ஆனால் கதவு வரை வந்ததும் என்னமோ செய்தது. பேசின பேச்சுக்கு நில் என்று ஒருவரைக் கேட்க வந்துவிட்டு, நானே பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படி உள்ளே போவது? நான் என்ன பெரிய உத்தமியா என்றால் இல்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் முடியவில்லை. அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் நிறுத்தினேன். இவன்தான் அந்த ஆள், ஆனால் இவன் என் கொழுந்தன், விலையைக் குறைக்க நாங்கள் சேர்ந்து போட்ட நாடகம் அது என்று படபடவென்று சொல்லிவிட்டேன். உங்கள் தம்பி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஜென்மத்துக்கும் மறக்காது.

தலைவர் உதட்டைப் பிதுக்கினார். சொந்தக்காரர் சாட்சி செல்லாதும்மா என்றார். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். உங்கள் முகம்தான் கண்ணில் வந்தது.

ஆனால் கர்ச்சீப்காரருக்கு அது போதவில்லை. ஏமாந்த கோபம் தலைக்கேறி எழுந்து குதித்தார். "பாத்தீங்களா தலைவரே, குடும்பமா சேந்து என்னை ஏமாத்தியிருக்காங்க! இந்தப் பய அப்படிப் பேசினதாலதான நான் அந்த வாக்கையே குடுத்தேன்! இல்லாட்டி ஓடின வண்டிக்கு மூணு மாசம் பொறுப்பு எந்த மடையன் குடுப்பான்?"

அவர் கை தானாகக் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. முதலில் சிரித்தது தலைவர்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். டயர்கள் மேல் இருந்தவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. நாடகம் போட்டதற்கு என்னை நன்றாகத் திட்டினார் தலைவர். திட்டி முடித்து, கொடுத்த வாக்குப்படி கியர்பாக்ஸைச் சரி செய்து கொடு என்று அவரிடம் சொல்லிவிட்டார்.

அவரும் செய்து கொடுத்துவிட்டார். அதில் குறை சொல்ல மாட்டேன். சாவியைத் தரும்போது, "உன் கொழுந்தன என் கடைக்கு அனுப்பும்மா, விக்கிறதுக்கு இப்படி ஒரு ஆளுதான் எனக்கு வேணும்" என்றார். உங்கள் தம்பி நிஜமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறான்! மூன்றாவது கியர் இப்போது வெண்ணெயாக விழுகிறது. நேற்று மேம்பாலத்தில் நான் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினேன்.

உங்கள் கடிதமும் வந்தது. டயர் எப்படி இருக்கிறது, எண்ணெய் குடிக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று எல்லாம் கேட்டிருந்தீர்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது. வருவதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. எழுத இடம் இல்லாமல் போயிருக்கும் என்று மகளிடம் சொன்னேன். அவள் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள், அடியில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது. அங்கே சம்பளம் நிச்சயம், இங்கே ஒரு பழைய வேனும் ஒரு சலவை மெஷினும்தான், எனக்குப் புரியாமல் இல்லை. பழகின இடத்தை விட்டு வரத் தயக்கம் இருக்கலாம். வேறு ஏதாவது என்றாலும் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உங்களோடு வேலை செய்கிற எலக்ட்ரீஷியன் லீவு முடிந்து நாளை கிளம்புகிறாராம். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், அவர்கள் காகிதத்தை நீட்டுவதற்கு முன்னால் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

நீங்கள் பஸ் ஏறும்போது சொன்னதற்கு என்னிடம் எழுத்து ஏதும் இல்லை. மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கேட்டவள் நான் ஒருத்திதான். நான் உங்கள் மனைவி, என் சாட்சி எங்கே போனாலும் செல்லாது. அதனால் நான் யாரிடமும் போய் நிற்க மாட்டேன். சொன்னேன் என்று நீங்களாக ஒரு தடவை சொல்லிவிடுங்கள், அது போதும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக இருங்கள், எங்கே இருந்தாலும்.

பஸ் நிறுத்தத்துக்கு வண்டியோடு வர எந்த நாள் என்றாலும் தயாராக இருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி