முந்தைய உரிமையாளர்

தொழிற்சாலை வாயிலில் கொடுத்த அனுமதிச் சீட்டு இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. ‘ப்ரீவியஸ் ஓனர்’ என்ற கட்டத்தில் உங்கள் பெயரை நானே எழுதி, அடியில் மனைவி என்று கையெழுத்திட்டேன். பொங்கலுக்கு மறுநாள் உங்கள் அப்பா அம்மா சமாதியில் படையல் வைக்க வேண்டுமென்றால், நம் நிலமாக இருந்த இடத்துக்குள் இப்போது சீட்டு வாங்கித்தான் நுழைய வேண்டும்.

“ப்ரையர் பர்மிஷன் இருக்கா பாட்டி?” என்றார் காவலாளி. மதுரைப் பக்கத்துப் பேச்சு.

“மேடம்னு சொல்லுங்க. இருக்கு, நான் எழுதின லெட்டர்லயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. படிச்சுப் பாருங்க.”

படித்துவிட்டு எழுந்து நின்றார். என் ஆங்கிலத்துக்கு இன்னும் அந்த மரியாதை இருக்கிறது.

நீங்கள் ஒருமுறைதான் பிறர் முன்னால் ஆங்கிலம் பேசினீர்கள். உங்கள் தங்கை மகள் கல்யாணத்தில், மாலை போட்டிருந்த உங்கள் அப்பா படத்தைப் பெங்களூர் விருந்தாளிக்குக் காட்டி, “ஹி இஸ் மை ப்ரீவியஸ் ஃபாதர்” என்றீர்கள். காலமானவர் என்று சொல்ல நினைத்து, அப்பாவை மாற்றிக்கொண்டதுபோலச் சொல்லிவிட்டீர்கள்.

“அப்போ இப்ப இருக்கற அப்பா யாருங்க?” என்றேன். பந்தி வரிசையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். சூளகிரி திரும்பும் பேருந்தில் உங்களுக்குப் பாடமும் நடத்தினேன். ப்ரீவியஸ், ஃபார்மர், ஏர்லியர், ப்ரையர், லேட். முன்னால் என்பதற்கு ஐந்து சொற்கள், எது எங்கே வரும் என்று.

“செரி டீச்சரம்மா” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதன்பின் ஒரு காகிதத்தையும் என்னிடம் நீட்டியதில்லை.

தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரே நம் வீட்டுக்கு வந்தது. “அக்கா, நீங்க எழுதுங்கக்கா. இங்கிலீஷ்ல இருந்தாத்தான் மதிப்பாங்க.” மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் ப்ரையர் கன்சென்ட், அதாவது முன்சம்மதம், இல்லாமல் ஒரு சாண் நிலமும் எடுக்கக் கூடாது என்று. நான் படித்துக் காட்டியபோது நீங்கள் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

கூட்டத்தில் எழுந்து நின்று அதை வாசித்தேன். அதிகாரி கோப்பைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

“அம்மா, மொதல் சம்மதமே உங்க வீட்டுக்காரரோடதுதான். வீட்ல காட்டிட்டு வாங்கன்னுகூடச் சொன்னேன். ‘எனக்கே இங்கிலீஷ் தெரியும், குடுங்க’ன்னு வாங்கிக் கையெழுத்துப் போட்டாரு.”

மனு கொடுக்க வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலியில் நீங்கள் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். நீங்களே போட்டபின் யார் நிற்பார்கள்?

“ஏன் எங்கிட்ட காட்டல?” என்று வீட்டில் கேட்டேன்.

“நெலத்த அளக்கறதுக்குன்னு நெனச்சேன். காட்டியிருந்தா நீ சிரிச்சிருப்ப.”

அவ்வளவுதான் சொன்னீர்கள். அந்தப் பதிலை நான் மன்னிக்கவில்லை. ஒரு சொல்லுக்குச் சிரித்தேன் என்பதற்காக, மூன்று தலைமுறை உழுத மண்ணையா கொடுப்பார்கள்? உங்களை அப்பா பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். புதிதாக யாரையும் உள்ளே புதைக்கக் கூடாது என்று தொழிற்சாலைக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஓசூர் மின்மயானத்தில் வரிசையில் காத்திருந்து உங்களை எரித்தோம். அதற்கான விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன், பிழையில்லாமல்.

இன்று கம்பி வேலிக்குள் இருக்கும் இரண்டு சமாதிக்கும் தண்ணீர் தெளித்து, வாழை இலை போட்டு, களியும் அவரைக்காய்க் குழம்பும் வைத்தேன். காவலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். உங்களுக்கென்று இலை போட அங்கே இடமில்லை.

என் சிரிப்பு உங்கள் கையெழுத்துக்கு முன்னால் வந்தது. அதைச் சொல்ல எனக்கு ஐந்து ஆங்கிலச் சொற்கள் தெரியும். எதைப் போட்டு எழுதினாலும் அது முன்னால்தான் நிற்கிறது.