பூட்டியிருந்த வீடு

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் பனி. தேர் முடிந்து நாலு நாள், வீதியில் குப்பை அப்படியே. நகராட்சிக்குப் போன் செய்தேன். நாளைக்கு ஆள் அனுப்புகிறார்களாம். கவுன்சிலராக இருந்தபோது நானும் இதையேதான் சொன்னேன்.

சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டும். நூலக வாசலுக்கு பல்பு.

பத்து மணிக்கு எதிர்வீட்டு மெஹருன்னிசா அம்மா. மூன்று மாதம் திருப்பாதிரிப்புலியூரில் மகளின் பிரசவத்துக்குத் துணையாக இருந்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பினார். டப்பாவில் சேமியா கொண்டுவந்தார்.

"சார், ஓட்டர் லிஸ்ட்ல எம் பேரக் காணோம். குடி மாறிட்டேன்னு போட்டிருக்காங்க. நாப்பது வருசமா இங்கதான கெடக்குறேன், எங்க மாறுனேன்?"

மனு நானே எழுதிக் கொடுத்தேன்.

"சாரு இருக்கறவரைக்கும் எனக்கென்னா கவல."

சேமியா டப்பாவைத் திறக்காமலே வைத்துவிட்டேன்.

ஜன. 7, புதன்

தூக்கம் சரியில்லை. எழுதிவிடுவது நல்லது. அந்தப் பெயர் போனதற்குக் காரணம் நான்.

நவம்பரில் பட்டியல் சரிபார்க்க அங்கன்வாடி டீச்சர் வந்தாள். என்னிடம் படித்தவள். கட்சியின் பூத் ஏஜென்ட் என்று நானும் கூடப் போனேன். அந்த வீட்டில் பூட்டு. "இவுங்க எங்க சார்?" என்றாள். "குடி மாறிட்டாங்கம்மா" என்றேன். என் பேச்சுக்கு மறுபேச்சு ஏது, குறித்துக்கொண்டாள்.

மாறவில்லை என்று எனக்குத் தெரியும். வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி ஈரம். பக்கத்து வீட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

போன தேர்தலில் சொற்ப ஓட்டில் தோற்றேன். அந்த வீட்டு ஓட்டு எனக்கு விழவில்லை என்று யாரோ சொன்னது மனசில் கிடந்தது. அவ்வளவுதான் காரணம். எவ்வளவு அற்பம்.

முப்பத்தொரு வருஷம் வருகைப் பதிவேடு எடுத்தவன். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரிக்காமல் ஒரு பெயரையும் அடித்தது கிடையாது.

ஜன. 12, திங்கள்

பல்பு போட்டாயிற்று. மாத்திரை மறந்தேன்.

கலெக்டர் ஆபீஸ் தேர்தல் பிரிவிலிருந்து போன். நாளை கடலூரில் விசாரணை. "அந்தம்மா உங்களத்தான் சார் சாட்சியா சொல்லியிருக்காங்க. கூட்டிக்கிட்டு வந்துடுங்க." டீச்சரையும் வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

கிளைச் செயலாளர், என் மைத்துனர் மகன், விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கிறான். "மறந்துட்டேன்னு சொல்லிடு மாமா. வயசாயிடுச்சில்ல, நம்பிடுவாங்க."

நம்பத்தான் செய்வார்கள்.

ஜன. 13, செவ்வாய்

பொங்கல் கூட்டம். பஸ்ஸில் கரும்பும் மஞ்சள் கொத்தும். மெஹருன்னிசா அம்மா முன்னாலேயே ஏறி, பக்கத்து சீட்டில் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். "குந்துங்க சார், நிக்காதீங்க." போனில் பேத்தி படம் காட்டினார். வழியெல்லாம் பேச்சு. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

அதிகாரி டீச்சரைக் கேட்டார். "குடி மாறிட்டாங்கன்னு உனக்கு யாரு சொன்னது? வூட்லயே ஒக்காந்து எழுதுனியா?"

டீச்சர் குனிந்தபடி நின்றாள். வேலைக்கு ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். என் பெயரைச் சொல்லவில்லை.

"நான்தாங்க சொன்னேன்" என்றேன். மறதி என்ற வார்த்தை நாக்குவரை வந்தது. "மாறலன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

பெயரைச் சேர்த்துவிடுவதாக அதிகாரி சொல்லிவிட்டார். என் மேல் என்ன நடவடிக்கை என்று பிறகு சொல்வார்களாம்.

மெஹருன்னிசா அம்மா ஒன்றுதான் சொன்னார். "வூட்டப் பூட்டிக்கிட்டுதான சார் போனேன்."

திரும்பும்போதும் அவர்தான் முதலில் ஏறினார். பக்கத்து சீட்டில் பை. அருகே போய் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், பையை எடுக்கவில்லை. சிதம்பரம் வரை நின்றுகொண்டே வந்தேன்.