பாஸ்வேர்டு சரி, டோக்கன் தவறு

2008 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை, காலை 11 மணி 7 நிமிடம். மூன்று முறை.

அக்கா, நம் கம்பெனி நெட்வொர்க்கில் நுழைய உங்கள் பெயரை யாரோ அடித்திருக்கிறார்கள். மூன்று முறையும் பாஸ்வேர்டு சரி. மூன்று முறையும் டோக்கன் எண் தவறு. கதவு திறக்கவில்லை. அச்சடித்து எடுத்த தாள் இன்னும் சூடாக என் கையில் இருக்கிறது. காமாலை கண்டு ஒன்பதே நாளில் நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆகவே அடித்தது வேறு ஆள். போன வருஷமும் வேறு ஆள்தான். இதை நீங்கள் அன்றைக்கே ஒரு வரியில் சொன்னீர்கள். நான் காதில் வாங்கவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன், முதலாளியிடம் பேசும்போது எனக்கு நாக்குக் குழறக் கூடாது.

போன சீசனில், தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, நம் பட்டாசு வாங்கும் வெளியூர்க் கடைகளுக்கெல்லாம் எவனோ போன் போட்டான். எந்தக் கடை எந்தச் சரக்கு கேட்டிருக்கிறது, நம்மிடம் எது தயாராக இல்லை என்று துல்லியமாகத் தெரிந்து பேசினான். பாதிக் கடைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. சிவகாசி அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பான ஆள் நான். யார் வெளியிலிருந்து நம் நெட்வொர்க்கில் நுழைந்து ஆர்டர் பட்டியலைப் பார்த்தது என்று முதலாளி கேட்டார். அரை மணி நேரத்தில் தாளை எடுத்துக் கொடுத்தேன். ஆறு நாள், ஆறு முறை, மாலை ஆறு மணிக்கு மேல், உங்கள் பெயர்.

"அச்சங்குளம் யூனிட் அக்கா பேர்தான் சார் இருக்கு" என்றேன். வேகமாகக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு பெருமை வேறு.

உங்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது நீங்கள் அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"ஆறு மணிக்கு நான் கம்பெனி பஸ்ஸுல இருப்பேன் சார்."

"வெளிய இருந்துதான நுழைஞ்சிருக்கு. வீட்டுல இருந்தும் நுழையலாமே" என்றேன் நான்.

"எங்க வீட்டுல டிவியே போன மாசந்தான் தம்பி வந்துச்சு. கம்ப்யூட்டருக்கு எங்கன போக?"

"பிரவுசிங் சென்டர் இருக்குல்ல?"

அப்போதுதான் என் பக்கம் திரும்பிக் கேட்டீர்கள்: "எம் பேரு இருக்கதும் நான் இருந்ததும் ஒண்ணா தம்பி?"

என் படிப்பு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மறுநாள் உங்களை இருப்புக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுப்பி, பேக்கிங் கொட்டகையில் லேபிள் ஒட்ட உட்கார வைத்தார்கள். உங்கள் தெருவிலிருந்து பட்டாசு வேலைக்குப் போன பெண்களில் நாற்காலியில் உட்கார்ந்தது நீங்கள் ஒருவர்தான். பி.காம். படித்து வாங்கிய நாற்காலி. உங்கள் அம்மா களையெடுத்துப் படிக்க வைத்தது. அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நம் கம்பெனியில் எல்லார் பாஸ்வேர்டும் பட்டாசுப் பெயர்தான். எந்த யூனிட்டில் எது அதிகம் ஓடுகிறதோ அது. அச்சங்குளம் என்றால் சங்குசக்கரம், பின்னால் யூனிட் நம்பர். சிவகாசியில் பட்டாசுப் பெயரை ரகசியம் என்று வைத்தவர்கள் உலகத்திலேயே நாம்தான். அந்தப் பட்டியலைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன், மாற்றச் சொன்னதில்லை. யார் வேண்டுமானாலும் ஊகித்திருக்கலாம் என்பது, உங்களைக் கை காட்டிய அன்று என் புத்திக்கு எட்டவில்லை.

சீசன் முடிந்ததும் முதலாளி, "இனிமே எவனும் நுழையக் கூடாதுப்பா" என்றார். அதனால் இரட்டைப் பூட்டு. பாஸ்வேர்டு ஒன்று. அது போதாது, அவரவர் செல்போனில் நான் ஏற்றிக் கொடுக்கும் சின்ன மென்பொருள் ஆறு இலக்க எண் ஒன்று காட்டும், அதையும் அடிக்க வேண்டும். அதுதான் டோக்கன். நிமிடத்துக்கு ஒரு எண். நிமிடம் போனால் எண் செல்லாது. மூன்று வாரம் தூங்காமல்... சரி, குறைவாகத் தூங்கி, அதைச் செய்து முடித்தேன். அலுவலகத்தில் எல்லோர் போனிலும் ஓடியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அச்சங்குளம் வந்தேன்.

உங்களுக்குப் பதில் உட்காரவைத்த ஆள் இருப்புக் கணக்கைக் குட்டிச்சுவர் ஆக்கியிருந்ததால், வேறு வழியில்லாமல் உங்களை மறுபடி நாற்காலிக்கு அழைத்திருந்தார்கள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, அழைத்தார்கள், அவ்வளவுதான். நான் பத்து நிமிடம் விளக்கினேன். நீங்கள் முழுக்கக் கேட்டுவிட்டு, "செல்லுல நம்பர் வரும். சரி. செல்லு எங்கன இருக்கும்?" என்றீர்கள்.

"உங்க கையில."

"வாசல்ல வாங்கி வச்சிருவாகளே தம்பி. பீடி, தீப்பெட்டி, செல்லு எதுவும் உள்ள வராது. நீங்களும் இப்பக் குடுத்துட்டுத்தான வந்தீக?"

என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். காலி.

பட்டாசு ஆலைக்குள் செல்போன் வராது என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். விருதுநகரில் பிறந்து வளர்ந்த நான், செல்போனை நம்பிப் பட்டாசு ஆலைக்குப் பூட்டு செய்திருந்தேன். வாசலில் எண்ணைப் பார்த்துவிட்டு ஓடி வந்தால் முடியாதா என்று வீம்புக்கு நானே ஓடிப் பார்த்தேன். வாசல் காவலர் தாத்தா குரல் கொடுத்தார்: "ஏலே, ஓடாத! உள்ள ஓடுனா எதுவோ வெடிச்சிருச்சுன்னு அம்புட்டுப் பேரும் ஓடி வந்துருவாக!" நடந்தே போனேன். இரண்டே முக்கால் நிமிடம். எண் வழியிலேயே செத்துவிட்டது. நீங்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அந்த விசாரணைக்குப் பிறகு நீங்கள் என் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"நிமிசத்துல சாகாத நம்பரு இல்லியா தம்பி? எடுத்தா, போட்டாத்தான் தீரணும். அப்படி."

இருந்தது. கடிகாரத்தோடு சேராமல் எண்ணிக்கையோடு சேர்ந்து ஓடும் டோக்கன். பொத்தானை அமுக்கினால் அடுத்த எண் வரும்; பயன்படுத்தும்வரை அது உயிரோடு இருக்கும்; ஒருமுறை அடித்துவிட்டால் செல்லாது. பழைய முறை என்று நான் ஒதுக்கி வைத்திருந்தது. அலுவலகத்துக்குத் திரும்பி எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி அதை வைத்துக் கட்டினேன். அதிலும் வில்லங்கம் வந்தது. விருதுநகர் ஏஜென்ட் பாய் போன் செய்து, "எம் மக வெளையாட்டுச் சாமான்னு அமுக்கிக்கிட்டே இருந்துட்டா தம்பி, இப்ப உங்க மெசினு என்னைய யாருன்னு கேக்குது" என்றார். அவருக்கு எண்ணிக்கையை மறுபடி சேர்த்துவைத்தேன், அந்த வாரம் மட்டும் நான்கு தடவை.

உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. காலையில் வாசலில் போனைக் கொடுக்கும் முன் ஒரே ஒரு முறை அமுக்கி, எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு உள்ளே போவீர்கள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, இதை எழுதவே கூடாது. எவனாவது பாத்தா?"

"பாத்து? நான் போயி அடிச்சதும் செத்துப்போகும்னு நீங்கதான சொன்னீக. அதுக்கு முந்தி வேணும்னா கையை வெட்டிட்டுத்தான் போகணும்."

அதற்குப் பிறகு எழுதாதீர்கள் என்று நான் சொன்னதில்லை.

கடைசியாகப் பாஸ்வேர்டு. எல்லாரையும் பட்டாசுப் பெயரை விட்டுவிட்டு வேறு வைக்கச் சொன்னேன். மாற்றினார்கள். நீங்கள் மட்டும் முடியாது என்றீர்கள்.

"எனக்கு அதே சங்குசக்கரம் இருக்கட்டும்."

"அது ஊருக்கே தெரிஞ்ச பாஸ்வேர்டுக்கா."

"அதான் வேணும். ருசி கண்ட பூனை தம்பி, உறியைத் தாவாமப் போகாது. அடுத்த சீசனுக்கு வருவான். ரெண்டாவது பூட்டு உங்க பூட்டுதான? உள்ள போக முடியாதுல்ல? வந்து தட்டுறது மட்டும் தெரியட்டும்."

நான் தலையாட்டினேன், பாதி மனதோடு. ஜூனில் நீங்கள் போனதும் உங்கள் டோக்கனை ரத்து செய்தேன். பெயரையும் பாஸ்வேர்டையும் தொடவில்லை. செத்தவர் பெயர் ஏன் இருக்கிறது என்று கணக்குப் பிரிவில் இரண்டு முறை கேட்டார்கள். வேலை இருக்கிறது, போங்கள் என்றேன். எரிந்து விழுந்தேன் என்பதுதான் சரி.

இன்று தட்டினான் அக்கா. சரக்கு தயாராகத் தொடங்கிய வாரத்தில், சரியாக வந்து தட்டினான்.

போன வருஷத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பெயருக்கு அடுத்த கட்டத்தில், எந்த இணைப்பிலிருந்து வந்தது என்ற எண் இருக்கும். போன வருஷமும் இருந்தது. நான் பெயரோடு நின்றுவிட்டேன். இரண்டு தாளிலும் ஒரே எண். அதே எண், நமக்கு வாராவாரம் விலை கேட்டு மெயில் அனுப்பும் சாத்தூர் புரோக்கரின் மெயில்களிலும் இருக்கிறது. சரக்குப் பார்க்கிறேன் என்று உங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கடலைமிட்டாய் கொடுத்துக் கதை பேசுவாரே, அவர்தான். தாளை மேசையில் அடித்து, "மாட்டினான்!" என்று கத்தினேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. ஜெயித்துவிட்டோம் அக்கா. உங்கள் இரையில், என் பூட்டில். ரொம்ப நாளைக்குப் பிறகு உட்கார முடியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல முதலில் கை போனது உங்கள் யூனிட் போன் நம்பருக்கு. பாதி அழுத்திவிட்டு வைத்தேன்.

இப்போதெல்லாம் எந்தத் தாளில் எந்தப் பெயரைப் பார்த்தாலும், பெயர் இருக்கிறது, ஆள் இருந்தாரா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். வேகம் குறைந்துவிட்டது. குறையட்டும்.

இனி செய்யப்போவது:

1. மதியச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு வருஷத் தாள்களையும் முதலாளி மேசையில் வைப்பேன். ஒரே எண்ணாக இருப்பதைச் சிவப்பில் கோடிட்டு. அவர் படித்து முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டேன்.

2. புரோக்கர் மேல் போலீஸில் புகார் கொடுக்கச் சொல்வேன். மழுப்பினால், புகாரை நானே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டுவேன்.

3. உங்கள் மேல் தவறில்லை என்று கம்பெனித் தாளில் முத்திரையோடு எழுதி வாங்கி, உங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுப்பேன். தபாலில் இல்லை, நேரில்.

4. உங்கள் கணக்கை மூடுவேன். காரணம் கேட்கும் கட்டத்தில் "வேலை முடிந்தது" என்று அடிப்பேன்.

5. அச்சங்குளம் வந்து, வாசலில் செல்லைக் கொடுத்துவிட்டு, பேக்கிங் கொட்டகையில் எல்லாப் பெண்களும் தூக்குச்சட்டியைத் திறக்கும் நேரத்தில் நடுவில் நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்: "அக்கா செய்யலை. நாந்தான் அவசரப்பட்டுத் தப்பாச் சொன்னேன். செஞ்சவனைப் பிடிச்சது அக்காதான்."