உன் பெயரில் போய்வந்த கேள்விகள்

என் அன்புக்குரிய மகாராணிக்கு,

முசுடு எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் வரிகளை நீயே போட்டுக்கொள். எனக்கு அதெல்லாம் வராது என்று உனக்குத் தெரியும்.

உன் வெளிநாட்டு விலாசத்தை உன் அண்ணியிடம் வாங்கினேன். கொடுப்பதற்கு முன்னால் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பதினோரு மாசமா எங்கம்மா போயிருந்த?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அலுவலக மெயிலில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள். போனில் சொல்ல தைரியமில்லை. அதனால்தான் காகிதம். என் கையெழுத்தைத் திட்டிக்கொண்டே படி.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நம் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி சாகக் கிடந்தார். பிழைத்துக்கொண்டார், பயப்படாதே. ஆனால் விசாரணை அறிக்கையில் தவறு உன்னுடையது என்று எழுதிவைத்தார்கள். நீ அங்கே வேலைக்குச் சேரப்போகும் இடத்திலிருந்து உன்னைப் பற்றிக் கேட்டு இங்கே கடிதம் வந்திருக்கிறதாம். அறிக்கையில் கையெழுத்தானதும் அதைப் பார்த்துத்தான் பதில் போடுவார்களாம். கையெழுத்து வெள்ளிக்கிழமை. இன்று புதன்.

நம் நிர்வாகம் வாங்கிய பழைய ஆஸ்பத்திரியின் சர்வருக்கு நீ போட்டுக்கொடுத்த லிங்க்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். யார் லாகினைப் போடுவது என்று அன்றைக்கு நான் கேட்டேன். "இப்போதைக்கு என்னோடதப் போடறேன், அப்புறம் மாத்திக்கலாம்" என்றாய். நானும் சரி சரி, டீ ஆறுகிறது, வா என்றேன். அந்த அப்புறம் நாலு வருஷமாகியும் வரவே இல்லை.

விசாரணையில் இதை மூன்று பேருக்கு விளக்க வேண்டியிருந்தது. தலைமை டாக்டர், தலைமை நர்ஸ், சட்டப் பிரிவு வக்கீல். மூவரும் திருதிருவென்று முழித்தார்கள். பழைய நோயாளிகளின் விவரம் நம் டேட்டாபேஸில் ஒரு வரிகூடக் கிடையாது என்றேன். நம் சர்வரில் கேட்டால், அது லிங்க் வழியாகப் பழைய ஆஸ்பத்திரியின் சர்வரிடம் போய்க் கேட்டு, பதிலை வாங்கி வந்து, இங்கேயே இருப்பது போல் காட்டும். அங்கே போகும்போது யாராவது ஒருவர் பெயரில்தான் உள்ளே போக முடியும். "அப்ப நாங்க கேட்ட ஒவ்வொரு தடவையும் அந்தம்மா பேர்லயா போயிட்டு வந்துச்சு?" என்று தலைமை நர்ஸ் கேட்டார். ஆமாம் என்றேன்.

நீ கிளம்பிப்போன வாரத்திலேயே, அந்தப் பழைய சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆள், நீ மௌனச்சாமி என்று பெயர் வைத்தாயே அவர், உன் லாகினை மூடட்டுமா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள், லிங்குக்குத் தனியாக ஒரு லாகின் போட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பத்து நிமிஷ வேலை. நான் செய்யவில்லை. ஏன் என்று சொன்னால் சிரிக்காதே. அந்த சர்வரில் இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வரும் அல்லவா? காலையில் வந்து பையை வைத்ததும் அதைத்தான் திறப்பேன். மேலேயே உன் பெயர் இருக்கும். உள்ளே நுழைந்த நேரம் எட்டு ஐந்து, எட்டு ஏழு என்று போட்டிருக்கும். ஏதோ ஒரு வார்டில் யாரோ கேட்ட கேள்விக்கு உன் பெயர் போய்வந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் வந்துட்டியா என்று மனசுக்குள் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். பைத்தியக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

மௌனச்சாமி பத்து மாதம் பொறுத்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில், வேலையை விட்டுப் போனவர்களின் லாகின்களை எல்லாம் மொத்தமாக மூடினார். அவர் மேல் தப்பே இல்லை. லிங்க் செத்துவிட்டது.

லிங்க் செத்தால் வார்டில் சிவப்பாக எரர் வரவேண்டும், யாராவது போன் பண்ணியிருக்க வேண்டும் என்று நீ கேட்பாய். இங்கேதான் என் லட்சணம் வருகிறது. முன்பெல்லாம் லிங்க் மெதுவானால் அந்தச் சிவப்பு வரும், டாக்டர்கள் என்னிடம் வந்து கத்துவார்கள். அது பொறுக்காமல் நான் அலர்ஜி ஸ்கிரீனில் கைவைத்தேன். அங்கிருந்து பதில் வராவிட்டால், ஒன்றும் இல்லை என்றே எடுத்துக்கொள் என்று புரோகிராமில் எழுதிவைத்தேன். ஒன்றும் இல்லை என்றால் அந்த ஸ்கிரீன் என்ன காட்டும்? அலர்ஜி எதுவும் இல்லை என்று அழகாகப் பச்சையில் காட்டும். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. ஒரே ஒரு வரியைத் தேட, மூன்று லட்சம் வரியையும் லிங்க் வழியாக இங்கே இழுத்துவந்தேன் என்பதற்கே, "ஒரு தக்காளிக்கு சந்தையையே வீட்டுக்குத் தூக்கிட்டு வருவியா?" என்று ஒரு வாரம் கேலி செய்தவள் நீ. இது தெரிந்திருந்தால் தோலை உரித்திருப்பாய்.

அந்தத் திங்கட்கிழமை வந்தவர் ஒரு தையல்காரர். பழைய ஆஸ்பத்திரிக்குப் பல வருஷமாகப் போய்வந்தவர். எந்த ஊசி அவருக்கு ஆகாது என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. நர்ஸ் ஸ்கிரீனைப் பார்த்தாள், பச்சை. ஊசி போட்டாள். ஐந்து நிமிஷத்தில் முகம் வீங்கி, மூச்சுத் திணறி, ஆளே நீலம் பாரித்துவிட்டார். அந்த நர்ஸ் மட்டும் ஓடிப்போய் டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திராவிட்டால், ஐயோ, நினைக்கவே முடியவில்லை. இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் என் சட்டைத் தோளைப் பார்த்து, "தையல் விட்டிருக்கேம்மா, ஊசிநூல் இருந்தா குடுங்க, இப்பவே போட்டுத் தரேன்" என்றார். கையில் இன்னும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்காமலே வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். துடைப்பக்காரம்மா பக்கெட்டை வைத்துவிட்டு எனக்காக ஒதுங்கி நின்றாள்.

விசாரணையில் எடுத்துப் பார்த்த சர்வர் பதிவுகள் எல்லாவற்றிலும் உன் பெயர்தான் இருந்தது. போனவர்கள் மேல் போட்டு முடித்துவிடலாம், இங்கே யாருக்கும் வலிக்காது என்றார் வக்கீல். பச்சை எழுத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நானாகவும் அதைச் சொல்லவில்லை. பதினாலு வருஷம் ஒரே அறையில் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான், அங்கே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கம் எனக்கு சாகிறவரை போகாது.

இன்று காலை எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி, தலைமை டாக்டரிடம் நேரில் கொடுத்தேன். பதில் வராததை இல்லை என்று காட்டச் சொன்னது நான். லாகினை மாற்றாமல் விட்டதும் நான். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "யோசிச்சுத்தான் எழுதினீங்களா? வேலை போயிடும்" என்றார். யோசித்துத்தான் எழுதினேன் என்றேன். அறிக்கையில் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். நான் பார்க்கும்போதே எழுதினார். அதனால் நீ நிம்மதியாக இரு. அங்கே கேட்டால் உன்னைப் பற்றி நல்லதைத்தான் சொல்வார்கள்.

லிங்குக்குத் தனி லாகின் போட்டாகிவிட்டது. பதில் வராவிட்டால் இப்போது ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பாகிறது. கத்துகிறவர்கள் கத்தட்டும். பட்டியலில் உன் பெயர் இல்லை. உன் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைத்திருந்தேன். இனி எனக்கே அந்த அறை எத்தனை நாளோ. பெட்டிகளை எடுத்துவிட்டேன்.

இன்னொன்று உண்டு. நீ கிளம்புவதை என்னிடம் சொல்லாமல், நோட்டீஸ் போர்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வைத்தாயே என்று எனக்குக் கோபம். வழியனுப்பக்கூட வரவில்லை. அங்கே போனபின் நீ ஒன்பது தடவை கூப்பிட்டாய். ஒவ்வொரு தடவையும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது அழைப்பு வரவில்லை. சரி, அவளுக்கு நான் வேண்டாம் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த வேலை உனக்குக் கிடைக்கட்டும். உன் வீட்டுக்காரரும் நீயும் அங்கே நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

கடிதம் வந்துசேர இரண்டு வாரம் ஆகுமாம். இன்றிலிருந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, உன் கணக்கில் காலை பத்து மணிக்கு, நான் கூப்பிடுகிறேன். திட்டுவதற்காவது எடு. எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் கூப்பிடுவேன், அதற்கடுத்த ஞாயிறும் கூப்பிடுவேன். ஒன்பது தடவை வரைக்கும் உனக்கு எடுக்காமலிருக்க உரிமை உண்டு.

பத்தாவது தடவை மட்டும் எடுத்துவிடுடி.

உன்,
முசுடு