ஒன்றேகால் மணி நேரம்

மார்ச் 3

சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. போனில் உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம். அப்பாவின் அலமாரியை ஒழித்தபோது, இரண்டு வருஷம் முன்பு நீ வந்த விமானத்தின் டிக்கெட் அகப்பட்டது. புறப்படுவது காலை 10.10, வந்து சேர்வது அதே நாள் 11.25. ஒன்றேகால் மணி நேரம்! நான் பஸ் பிடித்துப் பித்தான் வாங்கி வரவே அதைவிட நேரமாகிறது.

போன மாதம் அப்பாவுக்கு ரொம்ப முடியாமல் போனபோது, சாயங்காலம் ஆறு மணிக்கே உனக்குப் போன் செய்தேனே. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு மூச்சு அடங்கும்வரை அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துட்டானா?" "வந்துகிட்டே இருக்கான்ப்பா." நீ வந்தது மூன்றாம் நாள். ஏன்டா?

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

புறப்படும் நேரம் என் ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் உன் ஊர்க் கடிகாரப்படி. இங்கே கடிகாரம் எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நடுவில் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒன்பதேகால் மணி நேரப் பயணம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? எனக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை ஓயவில்லை.

தம்பி

மார்ச் 27

என் தங்கமே,

படித்ததும் தலை சுற்றியது. எதிர்வீட்டு டீச்சர் நூல்கண்டைப் பூமி என்று வைத்து உருட்டி உருட்டி விளக்கினார். கடைசியில் அவருக்கே குழம்பிவிட்டது. நீ ரொம்ப தூரத்தில் இருக்கிறாய் என்பது மட்டும் புரிந்தது. அது போதும். துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம், "பக்கத்துலதான் இருக்கான், வரலை" என்று உன்னைத் திட்டித் தீர்த்திருக்கிறேனே! ஒவ்வொருவராகப் பிடித்துத் திருத்திச் சொல்ல வேண்டும். என்னை மன்னித்துவிடு.

உன் அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

யாரிடமும் திருத்திச் சொல்லாதே.

நீ போன் செய்தபோது இங்கே விடியற்காலை இரண்டு மணி; அந்த 10.10 விமானம் கிளம்ப எட்டு மணி நேரம் இருந்தது. இடம் கிடைத்தது. ஏறியிருந்தால் மறுநாள் காலை பதினொன்றரைக்குள் உன் ஊரில் இறங்கியிருப்பேன். அப்பா நாலு மணி வரை இருந்தார்.

விமான நிலையத்துக்குப் போனேன். மூன்று முறை பெயரைக் கூப்பிட்டார்கள். பெஞ்சிலிருந்து எழவில்லை. கடைசியாகச் சண்டை போட்டபோது அப்பா, "இனி என் மூஞ்சியில முழிக்காதே" என்றாரே, அதையே இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்தேனா? தெரியவில்லை. இன்றுவரை புரியவில்லை.

தம்பி

ஏப்ரல் 21

சின்னவனே,

நாலு நாளாக மெஷினில் உட்கார்ந்தால் சட்டையின் இடக் கையை வலக் கையோடு சேர்த்துத் தைக்கிறேன். அறையலாமா, அழலாமா, ஒன்றும் தெரியவில்லை. அப்பா உன்னைத் திட்டியிருக்க மாட்டார் என்று எழுத உட்கார்ந்தேன். அதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரியாதே.

டிக்கெட் எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் இரண்டாவது வியாழன் மத்தியானம் ஏறினால், உன் ஊரில் வெள்ளி காலையாம். அதற்குள் உன்னை என்ன செய்வதென்று முடிவு செய்தாலும் செய்வேன், செய்யாமலும் வருவேன். நீ விமான நிலையத்துக்கு வந்து வாசலில் நில். இந்தத் தடவை எழுந்து வா.

அக்கா